கத்திரிக்கோலும் பசையும் போதும்!

இங்கிலாந்து தேசத்திலே ஒரு மூதாட்டி. மேரி டெலானி என்பது அவர் பெயர். 1772-ம் வருஷத்தில் அவருக்கு வயது 72. கணவர் காலமாகி நான்கு வருஷம் ஆகியிருந்தது. குழந்தைகள் கிடையாது. சிநேகிதியான போர்ட்லண்டு சீமாட்டியின் மாளிகையில் அவர் தங்கியிருந்தார்.

ஒரு நாள், சிவப்புக் காகிதத் துண்டு ஒன்று அவர் கண்ணில் பட்டது. பக்கத்தில் ஒரு ஜெரேனியம் பூ. இரண்டும் ஒரே நிறம்! அம்மாள் கத்திரிக்கோலை எடுத்தார். பூவைப் பார்த்துப் பார்த்துக் காகிதத்தில் இதழ்களை வெட்டினார். அப்போது உள்ளே வந்த சீமாட்டி, அவர் நிஜப் பூவைத்தான் பிய்த்துப் போட்டுக் கொண்டிருக்கிறார் என்று நினைத்து விட்டாராம்!

அன்று விளையாட்டாகத் தொடங்கிய வேலை, பத்து வருஷம் நடந்தது. கறுப்புத் தாளின் மீது வண்ணக் காகிதங்களை ஒட்டி ஒட்டிப் பூக்களை மலர வைத்தார். ஒரே பூவுக்கு நூற்றுக்கணக்கான துண்டுகள்! சில படங்களில் நிஜ இலையையே ஒட்டி விடுவதும் உண்டு. பூவுக்குள் இருக்கும் மெல்லிய இழைகளைக்கூட எண்ணிப் பார்த்துத்தான் வெட்டுவார். பார்வை மங்கி, 1782-ல் கத்திரிக்கோலைக் கீழே வைத்தபோது 985 படங்கள் சேர்ந்திருந்தன. ஆயிரத்துக்குப் பதினைந்துதான் குறைவு! இன்று அவை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் பத்திரமாக இருக்கின்றன.

அந்த அம்மாளைச் செய்யச் சொல்லி யாரும் கட்டளை இடவில்லை. பரிசு கிடைக்கும் என்று அவர் வெட்டவில்லை. விற்றுப் பணமாக்கலாம் என்று ஒட்டவில்லை. வெட்டுவதில் இன்பம் இருந்தது, வெட்டினார். அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயமே அந்த "அவ்வளவுதான்" என்பதில் அடங்கியிருக்கிறது.

"எதற்கு?" என்ற கேள்வி

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பத்து வயதுப் பையன் ஒருவன் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவனைச் சுற்றிப் பழைய காலண்டர், கலியாணப் பத்திரிகை, பஸ் டிக்கெட்டு, தையல் கடையில் வாங்கி வந்த வெட்டுத் துணி. கையில் கத்திரிக்கோல்.

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்க்கிறாள்.

"என்னடா இது, வீடெல்லாம் குப்பை?"

"ஸ்கூல் வேலைம்மா" என்று பையன் சொன்னால், "சரி, சரி. சீக்கிரம் முடி" என்று அனுமதி கிடைத்து விடும். "சும்மாதாம்மா" என்று சொன்னால்? "சும்மா இருந்தால் போய்ப் பாடத்தைப் படி!" என்று பதில் வரும். கத்திரிக்கோலும் பறிமுதலாகும்!

தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான் இது. வேலை என்றால் குப்பைக்கு மன்னிப்பு உண்டு. விளையாட்டு என்றால் மன்னிப்பு இல்லை.

சரி, பள்ளிக்கூடத்துக்காகச் செய்யும் வேலை எப்படி நடக்கிறது? அதற்கென்றே கடைகளில் அச்சடித்த படத்தாள் விற்கிறார்கள். தலைவர்கள் ஒரு தாளில், மிருகங்கள் ஒரு தாளில், வாகனங்கள் ஒரு தாளில். கோட்டின் மேலேயே வெட்ட வேண்டும். நோட்டில் நேராக ஒட்ட வேண்டும். கீழே பெயர் எழுத வேண்டும். பத்து நோட்டை வாங்கிப் பார்த்தால் பத்திலும் ஒரே புலி, ஒரே இடத்தில் நிற்கும்!

அதையாவது குழந்தை செய்கிறதா? பல வீடுகளில் அதுவும் இல்லை. "நாளைக்கே கொடுக்க வேண்டும்" என்று குழந்தை ராத்திரி ஒன்பது மணிக்கு அழுது கொண்டு சொல்கிறது. அப்பா கடைக்கு ஓடுகிறார். அம்மா வெட்டுகிறாள். குழந்தை தூங்கிப் போகிறது. மறுநாள் நோட்டில் "நன்று" என்று விழுகிறது. அந்த "நன்று" யாருக்கு?

கை ஒட்டுகிறது, மனம் ஒட்டவில்லை. மார்க்குக்காக ஒட்டப் பழகிய கை, மகிழ்ச்சிக்காக ஒட்ட மறந்து போகிறது. இது சின்ன நஷ்டம் அல்ல.

நமக்குப் புதிதல்ல

காகிதம், துணி, கண்ணாடி, விதை, சருகு என்று கையில் கிடைத்ததை எல்லாம் சேர்த்து ஒட்டிப் படம் செய்வதை மேல் நாட்டார் "கொலாஜ்" என்கிறார்கள். "ஒட்டுதல்" என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பெயர்தான் அந்நியமே தவிர, காரியம் நமக்குப் புதிதல்ல.

தஞ்சாவூர்ப் படத்தைப் பாருங்கள். பலகையின் மீது துணியை ஒட்டுகிறார்கள். சுண்ணாம்புத் தூளும் பசையும் கலந்து நகைகளை மேடாக எழுப்புகிறார்கள். அதன் மேல் தங்க ரேக்கு; நடுநடுவே கண்ணாடிக் கற்கள். பிறகுதான் வர்ணம். பலகை, துணி, தங்கம், கண்ணாடி, வர்ணம் ஆகிய ஐந்தும் சேர்ந்தால்தான் கண்ணன் சிரிக்கிறான்!

ரவிவர்மாவின் அச்சுப் படங்கள் வீட்டுக்கு வீடு வந்த காலத்தில், பெண்கள் அவற்றைச் சும்மா மாட்டி வைக்கவில்லை. லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் துணியில் சேலை கட்டி, ஜரிகை தைத்து, ஜிகினா ஒட்டி அழகு பார்த்தார்கள். எந்தப் பள்ளிக்கூடமும் அதைக் கற்றுக் கொடுக்கவில்லை.

நவராத்திரிக் கொலுவின் பக்கத்தில் பிள்ளைகள் போடும் "பார்க்கு" இருக்கிறதே, அது என்ன? மணலைக் கொட்டி, முளைவிட்ட கேழ்வரகைப் புல்லாக்கி, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கி, தீப்பெட்டியை வீடாக்கி ஓர் ஊரையே உண்டாக்கி விடுகிறார்கள். பொம்மைக் காவல்காரர் சாலை ஓரத்தில் நிற்பார். அவரைவிடப் பெரிய வாத்து குளத்தில் நீந்தும்! அளவு பொருந்தவில்லையே என்று யாரும் கோபிப்பதில்லை. பொருந்தாத பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் அந்த வேடிக்கைதான் கொலாஜின் உயிர்.

படத்துக்குள் வந்த கயிறு

ஐரோப்பாவில் பெரிய ஓவியர்கள் இந்த வேடிக்கையில் இறங்கியது 1912-ம் வருஷத்தில். பிக்காஸோ ஒரு படம் செய்தார். நாற்காலியில் பின்னிய பிரம்பைப் போல அச்சடித்த மெழுகு சீலையை வாங்கிப் படத்தில் ஒட்டினார். படத்துக்குச் சட்டமாக ஒரு கயிற்றைச் சுற்றிலும் கட்டினார். அவர் நண்பர் பிராக், அதே வருஷம், மரப்பலகை போல் அச்சடித்த சுவர்க் காகிதத்தைக் கடையில் கண்டு, வாங்கி வந்து வெட்டி ஒட்டினார்.

பிரம்பை அப்படியே வரையத் தெரியாதவரா பிக்காஸோ? தெரியும். ஆனால் கடைச் சரக்கைப் படத்தில் ஒட்டி, "இது நிஜமா, படமா?" என்று பார்ப்பவரைத் திகைக்க வைப்பதில் ஒரு குறும்பு இருந்தது.

ஜெர்மனியில் ஹானோவர் நகரத்து குர்ட் ஷ்விட்டர்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். அவருக்குக் கடைச் சரக்குகூட வேண்டியிருக்கவில்லை, குப்பையே போதும்! டிராம் டிக்கெட்டு, மிட்டாய்க் காகிதம், கம்பி, உடைந்த மரத்துண்டு எல்லாம் அவர் படத்தில் இடம் பெற்றன. ஒரு பாங்கி விளம்பரத்தை வெட்டியபோது "கொமெர்ஸ்" என்ற சொல்லில் "மெர்ஸ்" மட்டும் மிஞ்சியது. அர்த்தமில்லாத அந்தத் துண்டையே 1919-ல் தம் கலைக்குப் பெயராக வைத்து விட்டார்.

ஹிட்லர் கூட்டத்துக்கு இந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. 1937-ல் மூனிக் நகரத்தில், "சீரழிந்த கலை" என்று பட்டம் சூட்டி ஒரு கண்காட்சி நடத்தி, அவர் படத்தையும் வைத்துப் பரிகசித்தார்கள். அதற்கு முன்பே அவர் நார்வேக்குப் போய் விட்டிருந்தார். அங்கும் ஜெர்மன் படை வரவே, 1940-ல் பிரிட்டனுக்குத் தப்பினார். ஜெர்மன்காரர் என்பதால் அங்கே அவரை மான் தீவில் ஒரு முகாமில் அடைத்தார்கள்.

முகாமில் வர்ணம் ஏது, பசை ஏது? காலைச் சாப்பாட்டுக்குக் கொடுத்த ஓட்ஸ் கஞ்சி இருந்தது. மிஞ்சிய கஞ்சியைச் சேர்த்துச் சேர்த்துச் சிலை செய்தார்! சில நாளில் அவை பச்சைப் பூஞ்சணம் பூத்து நாற்றமெடுத்தன. மனிதர் விடவில்லை. வீட்டையும் ஊரையும் பறி கொடுத்தவரிடமிருந்து விளையாட்டை மட்டும் யாராலும் பறிக்க முடியவில்லை.

கறையை மறைத்த குருவி

பிரான்ஸ் தேசத்து ஹென்றி மாட்டிஸ் உலகப் புகழ் பெற்ற ஓவியர். 1941-ல் வயிற்றில் பெரிய ஆபரேஷன். பிழைத்ததே பெரிது. அதன் பிறகு பெரும்பாலும் கட்டிலும் சக்கர நாற்காலியும்தான். தூரிகையோடு நின்று பெரிய படம் எழுதும் சக்தி போய் விட்டது.

உதவியாளர்கள் தாள்களுக்கு வர்ணம் பூசிக் கொடுப்பார்கள். அவர் உட்கார்ந்தபடியே கத்திரிக்கோலால் வெட்டுவார். 1946-ல் ஒரு நாள் பாரிஸ் வீட்டில், கடிதம் எழுதும் தாளில் ஒரு தகைவிலான் குருவியை வெட்டினார். தூக்கி எறிய மனம் வரவில்லை. சுவரில் ஒரு கறை இருந்தது. அதை மறைக்கக் குருவியைக் குத்தி வைக்கச் சொன்னார். குருவிக்குத் துணையாக ஒரு மீன், ஒரு பாசி என்று சேர்ந்து கொண்டே போய்ச் சுவர் முழுவதும் கடலும் வானமும் ஆகி விட்டது! முன்பு 1930-ல் தாம் போய் வந்த தாஹிட்டித் தீவை அவர் நோய்ப் படுக்கைக்கே வரவழைத்து விட்டார்.

சுவரில் ஒரு கறை; கையில் ஒரு துண்டுக் காகிதம். தொடக்கம் அவ்வளவுதான். 1954-ல் இறக்கும் வரை அவர் கத்திரிக்கோலைக் கீழே வைக்கவில்லை.

விரல் கண்ட நிறம்

நம் தேசத்திலும் ஒருவர் இருந்தார். சாந்திநிகேதனத்தில் நந்தலால் போஸிடம் பயின்ற வினோத் பிஹாரி முகர்ஜி. பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை. மறு கண்ணில் கிட்டப் பார்வை. அந்த அரைக் கண்ணோடு இந்தி பவனத்தின் சுவர்களில் பக்தர்களின் வாழ்க்கையைப் பெரிய சித்திரமாக எழுதினார். பின்னாளில் கண் ஆபரேஷனுக்குப் பிறகு இருந்த பார்வையும் அடியோடு போய் விட்டது.

ஓவியனுக்கு இதைவிடப் பெரிய அடி என்ன இருக்கிறது? ஆனால் முகர்ஜி காகிதத்தை எடுத்தார். மடித்தார், வெட்டினார், விரலால் தடவிப் பார்த்து இடம் கண்டு ஒட்டினார். உட்கார்ந்த மனிதர்கள், சாய்ந்த பெண்கள் எல்லாம் வண்ணத் துண்டுகளாக உருவானார்கள். கலாபவனத்தின் சுவரில் ஓடு பதித்த பெரிய சித்திரத்தை அவர் செய்து முடித்ததும் பார்வை இழந்த பிறகுதான். அவரிடம் படித்த சத்யஜித் ரே 1972-ல் அவரைப் பற்றி ஒரு டாக்குமெண்டரிப் படமே எடுத்தார். "அகக் கண்" என்று பொருள்படும் பெயர் அதற்கு.

"எனக்கு வரைய வராது"

இவர்கள் எல்லாம் மேதைகள், பயிற்சி பெற்றவர்கள் என்று சொல்லலாம். உண்மைதான். டெலானி அம்மாளும் தையலும் ஓவியமும் பழகியவர்தான். இரண்டு காகிதத்தை ஒட்டினால் யாரும் மாட்டிஸ் ஆகி விட முடியாது. ஆக வேண்டிய அவசியமும் இல்லை.

பாயசம் வைக்கிற ஒவ்வொருவரும் நளன் ஆகவேண்டும் என்று யார் கேட்டார்கள்? வீட்டில் நாலு பேர் குடித்து மகிழ்ந்தால் போதாதா?

"எனக்கு வரைய வராது" என்று சொல்லாத பெரியவர்களே அபூர்வம். எப்போது அப்படித் தீர்ப்பாயிற்று? எட்டு வயதிலோ பத்து வயதிலோ, யாரோ ஒருவர் நோட்டைப் பார்த்து, "இது யானையா, எருமையா?" என்று கேட்டிருப்பார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்திருப்பார்கள். அன்று மூடிய பெட்டி, நாற்பது வருஷமாகியும் திறக்கவில்லை.

அந்தப் பெட்டிக்கு நல்ல சாவி இந்த ஒட்டு வேலைதான். ஏன் என்றால் இதில் யானையை வரைய வேண்டியதே இல்லை. யானை ஏற்கெனவே காலண்டரில் இருக்கிறது. அதை வெட்டி எடுத்து ஒரு சைக்கிளின் மேல் உட்கார வைப்பதுதான் வேலை! கோடு கோணும் என்ற பயம் இல்லை. பிடிக்கவில்லையா? துண்டை நகர்த்தி வைக்கலாம். ஒட்டும் வரையில் எதுவும் தப்பு ஆகாது. ஒட்டிய பிறகும் அதன் மேல் இன்னொன்றை ஒட்டலாம்!

எப்படிச் செய்வது?

முதல் வேலை: மின் விசிறியை நிறுத்துவது! இதை மறந்தவர்கள், அரை மணி நேரம் வெட்டியதை அரை நிமிஷத்தில் கட்டிலுக்கு அடியில் தேட வேண்டி வரும்.

பொருள் சேர்ப்பது சுலபம். தினசரிக் காலண்டர் தாள், பழைய பத்திரிகை, தீப்பெட்டிப் படம், தேங்காய் நார், வெங்காயச் சருகு, பென்சில் சீவிய சுருள், மஞ்சாடி விதை, பட்டுத் துணியின் ஓரம் என எதுவும் ஆகும். உடைந்த வளையல் அழகாக இருக்கும். ஆனால் கையைக் கிழிக்கும். அது பெரியவர்களுக்கு மட்டும்.

பசைக்குக் கடைக்கு ஓட வேண்டாம். இரண்டு கரண்டி மைதாவைக் கட்டி இல்லாமல் தண்ணீரில் கரைத்து, சிறு தீயில் கிளறினால் கூழ் போல் வரும். ஆறிய பிறகு மெல்லிசாகத் தடவ வேண்டும். அள்ளி அப்பினால் காகிதம் ஊறிச் சுருங்கும். ஒட்டியதும் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணியால் நீவி விட்டு, உலர்ந்த பின் கனமான புஸ்தகத்தின் அடியில் ஓர் இரவு வைத்தால் படம் நெளியாது.

கத்திரிக்கோல் இல்லையா? கையால் கிழிக்கலாம். பத்திரிகைத் தாள் ஒரு பக்கமாகக் கிழித்தால் நேராகப் போகும். மறு பக்கமாகக் கிழித்தால் கோணலாகப் போகும். அந்தக் கோணல்தான் மலைக்கு நல்லது. வழவழப்பான வண்ணத் தாளைக் கிழித்தால் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். அது மேகத்துக்கும் அலை நுரைக்கும் உதவும்.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு: எடுத்தவுடன் பசையைத் தொடக் கூடாது. முதலில் துண்டுகளைப் பரப்பி, இடம் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். விளையாட்டு முழுவதும் அந்த நேரத்தில்தான் இருக்கிறது.

பெருக்குவது யார்?

வீட்டுப் பெண்களுக்கு ஒரு நியாயமான குறை உண்டு. விளையாடுகிறவர்கள் எழுந்து போய் விடுவார்கள். கூடத்தைப் பெருக்குவது யார் என்பதே அது. வெட்டியவரே பெருக்க வேண்டும் என்பதுதான் சரியான சட்டம். பையனானாலும் சரி, பையனின் அப்பாவானாலும் சரி. இந்த ஒரு சட்டத்தைக் கண்டிப்பாக வைத்துக் கொண்டு, மற்றச் சட்டங்களை எல்லாம் எடுத்து விடலாம்.

முக்கியமாக, "எதற்கு?" என்று கேட்கும் சட்டத்தை எடுத்து விட வேண்டும். "இது என்ன?" என்று கேட்பதற்கும் கொஞ்சம் பொறுக்கலாம். செய்தவனே சொல்லட்டும். போட்டிக்கு அனுப்பலாமா, கைப்பேசியில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டலாமா என்று பறப்பதையும் தள்ளி வைக்கலாம். ஊர் பார்க்கப் போகிறது என்று தெரிந்தால் குழந்தை ஊருக்காக ஒட்டத் தொடங்கி விடும்.

உபாத்தியாயர்களும் யோசிக்க வேண்டும். கணக்குப் பாடம் முடியவில்லை என்றால் பலியாவது சித்திர வகுப்புத்தான். அதைத் திருப்பிக் கொடுங்கள். மாதத்தில் ஒரு வகுப்பிலாவது அச்சடித்த படத்தாள் வேண்டாம், மார்க்கு வேண்டாம், மாதிரிப் படம் வேண்டாம். ஒரு கட்டுப் பழைய பத்திரிகையையும் ஒரு கிண்ணம் பசையையும் வைத்து விட்டு ஆசிரியர் ஒதுங்கி நிற்கட்டும். நாற்பது நோட்டில் நாற்பது புலி பிறக்கும். ஒன்று பச்சையாகக்கூட இருக்கும்!

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு கத்திரிக்கோல் கொடுங்கள். "தாத்தாவுக்குப் பொழுது போகட்டும்" என்று இரங்கிக் கொடுப்பதாக வேண்டாம். பேரன் கூட உட்கார்ந்து, "தாத்தா, இந்த ரயிலுக்குப் புகை எதால் செய்யலாம்?" என்று யோசனை கேட்கட்டும். தாத்தா காதுப் பஞ்சை எடுத்து நீட்டுவார்!

இந்த விளையாட்டால் வியாதி தீரும், மூளை வளரும், உத்தியோகம் கிடைக்கும் என்று வாக்குறுதி கொடுக்கத் தேவையில்லை. அப்படிக் கொடுத்தால் மறுபடியும் "எதற்கு?" என்ற கேள்விக்கே பதில் சொன்னதாகும். டெலானி அம்மாள் பூவை வெட்டியபோதும், மாட்டிஸ் குருவியை வெட்டியபோதும், முகர்ஜி இருட்டில் காகிதத்தைத் தடவியபோதும் அவர்கள் கையில் இருந்தது ஒரு துண்டுக் காகிதம். பக்கத்தில் "சும்மா எதற்கு?" என்று அதட்டுவதற்கு ஆள் இல்லை. பாக்கியம் என்றால் அதுதான்.

அந்தப் பாக்கியத்தை ஒவ்வொரு வீடும் தன் குழந்தைக்கு இலவசமாகக் கொடுக்க முடியும். இன்று ஞாயிற்றுக்கிழமை. படித்து முடித்த இந்தத் தாளே வீட்டில் கிடக்கிறது. கத்திரிக்கோலை எடுங்கள். மின் விசிறியை நிறுத்த மறக்காதீர்கள்!